ஊசிக்கண் அக்காவின் மூக்கு மருந்து

குழந்தைகளுக்கான சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில், சரிபார்க்கும் மேசை கூடத்தின் கடைசியில் ஒரு பெரிய சன்னலுக்குக் கீழே இருந்தது. காலை வெளிச்சம் அங்கே பால் வடிவதுபோல் இறங்கும். தையல் எந்திரங்களின் இரைச்சல் அந்த மூலைக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்து, தூரத்து மழையாகிவிடும். வெள்ளையும் இளநீலமுமாகச் சின்னஞ்சிறு சட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவள் முன்னால் வந்து விரியும், கவிழும், உள்புறத்தைக் காட்டும், நகர்ந்துபோகும். எல்லாவற்றையும் அவள் நின்றுகொண்டேதான் பார்ப்பாள்.

நன்றாக இருந்தால் "போகட்டும்" என்பாள். மடிக்கிற பெண் எடுத்துக்கொள்வாள். பிசகு இருந்தால் "நிக்கட்டும்." அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிக் கூடையில் போடுவாள். கூடத்தில் எல்லாருக்கும் இந்த இரண்டு சொல் போதும். ஒரு கண்ணி நூல் தவறியிருந்தாலும் அவள் பார்வைக்குத் தப்பாது. அதனால் அவளுக்கு ஊசிக்கண் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஊசிக்கண் அக்கா சும்மா திரும்பிப் பார்த்தாலே போட்ட தையல் தானா பிரிஞ்சிடும்" என்று பட்டன் எந்திரத்தில் இருந்தவள் சொல்வாள். அவளைப் பட்டன்காரி என்பார்கள்.

ஊசிக்கண் பேச்சுக் குறைவான வீட்டில் வளர்ந்தவள். அன்பில்லாத வீடு என்று சொல்லிவிட முடியாது. பசித்தால் சோறு இருக்கும், காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி இருக்கும். ஆனால் யாரும் யாரையும் தொட்டுப் பேசியதில்லை. பள்ளி முடிந்ததும் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தாள். முதலில் நூல் நறுக்கினாள், பிறகு சரிபார்க்க வந்தாள். பெண்கள் விடுதியின் சன்னலோரக் கட்டிலிலேயே இளமை கழிந்தது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை.

நாற்பதை ஒட்டிய வயதில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை, அவள் தினமும் ஏறும் நகரப் பேருந்தின் ஓட்டுநர், மனைவியை இழந்தவர். அவரிடம் அவள் முதன்முதலில் பேசிய வார்த்தையே, "உங்க சீட் உறை ஓரத்துல பிரிஞ்சிருக்கு" என்பதுதான். "இத்தனை பேர் ஏறி இறங்கறாங்க, என் சீட்டைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான்" என்று அவர் பிற்பாடு சொன்னார். அப்படி ஆரம்பித்தது.

அவருக்குப் பதினொரு வயதில் ஒரு மகள். வாலு என்று கூப்பிடுவார். புதிதாக வந்த சித்தியின் முன்னால் அந்த வாலு சுருண்டுகொண்டது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், புத்தகத்தோடு மூலைக்குப் போய்விடுவாள். ஊசிக்கண்ணும் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். சீருடையில் ஒரு சுருக்கம் இருக்காது. காலுறையில் ஓட்டை விழும் முன்பே தெரிந்துகொண்டு தைத்து வைப்பாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சில மாலைகளில் குழந்தையின் தலை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கை மட்டும் போகாது.

இறந்துபோனவளின் அக்கா, வாலுவின் பெரியம்மா, ஒருநாள் வந்தார். ஊசிக்கண் சமையலறையில் இருந்தாள். பேச்சு சுவரைத் தாண்டி வந்தது.

"நான் குறை சொல்லல தம்பி. நல்ல பொண்ணுதான். ஆனா ஒரு நாளாவது பிள்ளையைக் கட்டிப்பிடிச்சு ஒரு முத்தம் குடுத்திருக்கா? தேய்ச்சு மடிச்சு வைக்கிறதுக்குப் பிள்ளை என்ன சட்டையா?"

"அவ சுபாவம் அப்படி, அண்ணி."

"இருக்கட்டும். பிள்ளைக்கு அது தெரியுமா? பரீட்சை முடியட்டும். என்கூட இருக்கணுமா, இங்க இருக்கணுமான்னு அவளே சொல்லட்டும்."

ஓட்டுநர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அவளே சொல்லட்டும்" என்றார்.

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் குழந்தை இந்த வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று தனக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதே ஊசிக்கண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேண்டியிருப்பதை முகத்தில் எப்படிக் கொண்டுவருவது?

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பட்டன்காரி அவளை ஓரங்கட்டினாள்.

"என்னக்கா, முகம் இப்படி இருக்கு? இந்தாங்க, இதை மூக்குல அடிச்சுப் பாருங்க."

விரல் நீளத்தில் ஒரு குப்பி. மேலே மேகப் படம்.

"எனக்குச் சளி இல்லையே."

"சளிக்கு இல்லக்கா, சலிப்புக்கு. ஆக்சிடோசின். அன்பு ஹார்மோன்னு சொல்றாங்க. பிள்ளை பெத்தவங்களுக்கு உடம்பிலயே ஊறுமாம். நமக்கு ஊறலன்னா இப்படி அடிச்சுக்க வேண்டியதுதான்."

"டாக்டர் சீட்டு வேண்டாமா?"

"அன்புக்கு எதுக்குக்கா சீட்டு? என் நாத்தனார் ஆன்லைன்ல வரவழைக்கிறா. ஊரே அடிக்குது. மூக்குக்கு மேல கோபம் உக்காந்திருக்கற ஆளுக்கு மூக்குக்குள்ளயே மருந்து! எனக்கு இப்ப என் மாமியாரைப் பார்த்தாகூடச் சிரிப்பு வருது."

"உன் மாமியாருக்கு?"

"அவங்களுக்குச் சந்தேகம் வருது." பட்டன்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தண்ணி மட்டும் நிறைய குடிங்க. அப்பதான் உடம்பெல்லாம் ஓடும்."

அன்று மாலை குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அடித்துப் பார்த்தாள். சில்லென்று ஒரு பனி. தொண்டைக்குள் லேசான கசப்பு இறங்கியது. வராத தும்மல் ஒன்று நெற்றிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று துணி மடிக்க உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. பக்கத்து அறையில் வாலு பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சர், சர் என்று மரத்தோல் சுருண்டு விழும் ஓசை. தினமும் கேட்பதுதான். இன்று அது மிகத் தெளிவாக, யாரோ தன் காதருகே பொறுமையாக ஏதோ சொல்வதுபோல் கேட்டது. கழுத்துக்குப் பின்னால் பல வருடங்களாக இறுகியிருந்த ஒன்று தளர்ந்தது. எழுந்துபோய்க் கதவருகே நின்றாள். வாலு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சித்தி?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

'சும்மா' என்று அந்த வீட்டில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன. வீட்டுக்குள் மெல்லிய திரை ஒன்று தொங்குவதுபோலவும், அதன் வழியாகப் பார்க்கும் எல்லாவற்றுக்கும் ஓரம் மென்மையாகிவிட்டது போலவும் இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது அவள் தொண்டையில் ஏதோ ஒரு ராகம் ஊர்ந்தது. "எங்க வீட்டு ஊசிக்கண்ணைக் காணோமே, யாராவது பார்த்தீங்களா?" என்று ஓட்டுநர் வாசலில் நின்று கேட்டார். ஒருநாள் சோபாவில் வாலுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாலு காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதுமட்டுமல்ல, தானாகவே பேசினாள்.

"எங்க வகுப்புல மீன் தொட்டி வெச்சிருக்காங்க. மீனுக்கு இமையே இல்லையாம். தூங்கும்போதும் கண்ணைத் திறந்துக்கிட்டேதான் தூங்குமாம்."

"என்னை மாதிரி" என்றாள் ஊசிக்கண்.

வாலு சிரித்துவிட்டாள். மூக்கால் குபுக்கென்று வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே ஊசிக்கண் இரவெல்லாம் படுத்திருந்தாள்.

ஒரு தடவை அடித்தால் இவ்வளவு என்றால், இன்னும் கொஞ்சம் அடித்தால்? பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. குப்பி குளியலறை அலமாரியிலிருந்து சாப்பாட்டுப் பைக்கு மாறியது. காலையில், பேருந்தில் ஏறும் முன், மேசைக்குப் போகும் முன், வீட்டுக்குள் நுழையும் முன் என்று ஆகிவிட்டது. மூக்கும் தொண்டையும் வறண்டன. பட்டன்காரி சொன்னதும் நினைவிருந்ததால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள்.

சன்னலடியில் சட்டைகள் இப்போது மிதந்து வந்தன. ஒரு தையல் கோணிப் போயிருந்தது. முன்பானால் கை தானாக அம்பைத் தேடும். இன்று அவளுக்குத் தோன்றியது: யாரோ ஒருத்தி காய்ச்சலில் கிடக்கும் தன் பிள்ளையை நினைத்துக்கொண்டே தைத்திருக்கிறாள், அந்த நினைப்புதான் இந்த இடத்தில் வளைந்திருக்கிறது. "போகட்டும்." அடுத்ததில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. யாருக்குத்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்துவிடுகிறது? "போகட்டும்." கூடை காலியாகவே இருந்தது. தையல்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி அவளுக்கு மல்லிகைப்பூ கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் அவள் போகட்டும் என்றே வாங்கிக்கொண்டாள்.

ஒரு பெட்டி திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் ஒரு சட்டையை அவள் முன்னால் விரித்தார். கை இருந்தது, பட்டன் இருந்தது, பையில் ஒரு முயலும் இருந்தது. கழுத்து மட்டும் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை ஒரே மூச்சாகத் தைத்து மூடியிருந்தது.

"இதை யாருக்கும்மா போடறது? தலை இல்லாத குழந்தைக்கா?"

அவள் சட்டையைப் பார்த்தாள். வருத்தம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. மூடிய கழுத்து, தூங்கும் முகம்போல அமைதியாக இருந்தது. அவள் புன்னகைத்தாள்.

"உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" மேற்பார்வையாளரின் குரல் இறங்கியது. "கொஞ்ச நாள் மடிப்பு மேசையில இருங்க."

மடிப்பு மேசைக்குப் போனாள். அங்கேயும் வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் வாலு வேறொன்றைக் கவனிக்கத் தொடங்கியிருந்தாள். சித்தி தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதே சிரிப்பு பால் பாக்கெட்டுக்கும் கிடைக்கிறது, தெருமுனைக் கம்பத்துக்கும் கிடைக்கிறது. குழந்தை சோதித்துப் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றாள். "போகட்டும்." தண்ணீர்ப் புட்டியைத் தொலைத்துவிட்டேன் என்றாள். "போகட்டும்மா." கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று முன்நெற்றி முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் புருவத்தில் இருந்தது, மறுபக்கம் உச்சிக்கு ஏறியிருந்தது.

"எப்படி இருக்கு சித்தி?"

"அழகா இருக்கே."

வாலுவின் முகம் வாடியது. ஊசிக்கண் அதைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தலை கனத்துக்கொண்டிருந்தது. மோதிரம் விரலில் இறுகியிருந்தது. காலையில் செருப்பு சேரவில்லை.

பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் பெரியம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் பணியில் இருந்தார். வாலு சமையலறைக்கு வந்தாள். ஊசிக்கண் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காதுகளில் தண்ணீர் நிரம்பியதுபோல் எல்லாச் சத்தமும் ஆழத்திலிருந்து வந்தது. குழந்தை குளத்தின் அடியில் நின்றுகொண்டு வாயசைப்பதுபோல் இருந்தது.

"சித்தி, பெரியம்மா கேட்டாங்க. நான் அவங்க வீட்டுக்கே போகட்டுமா?"

கடைசிச் சொல் மட்டும் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. எத்தனையோ ஆயிரம் சட்டைகளுக்குச் சொல்லிப் பழகிய வாய் அது.

"போகட்டும்" என்றாள், மிக மென்மையாக.

வாலு அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையை எடுக்கப் போனாள்.

மறுநாள் மடிப்பு மேசையில் ஊசிக்கண் வாந்தியெடுத்தாள். இது எந்த இடம் என்று பட்டன்காரியைக் கேட்டாள். நீ யார் என்றும் அவளையே கேட்டாள். அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

கண் தெளிந்தபோது ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் ஒரு இளம்பெண். கையில் அந்த மேகப் படக் குப்பி.

"ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிடுச்சு. இந்த மருந்து அதிகமாப் போனா உடம்பு தண்ணியை வெளிய விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். அதுமேல நீங்க குடம் குடமாக் குடிச்சிருக்கீங்க. தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் அதனாலதான். இன்னும் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். கர்ப்பம் எதுவும் இல்லையே? கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர் சொல்லாம இதைத் தொடவே கூடாது."

"இல்லைங்க." ஊசிக்கண்ணின் முகம் சிவந்தது. "இது கெட்ட மருந்தா?"

"அப்படிச் சொல்ல முடியாது. பிரசவ வார்டுல இதே ஹார்மோனை நாங்களே குடுக்கறோம். பழகத் தயங்கறவங்களுக்கும் மனசு இறுகினவங்களுக்கும் உதவுமான்னு ஆராய்ச்சி நடக்குது. சிலருக்குக் கொஞ்சம் இளகுது, பலருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. சிலருக்குச் சந்தேகமும் பொறாமையும்தான் கூடுது. இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியல. அப்புறம், இதை யார் அடைச்சாங்க, உள்ள எவ்வளவு இருக்குன்னு இந்த மேகத்துக்குத்தான் தெரியும்."

"எனக்கு வேலை செஞ்சுதே. முதல்ல. அடிச்ச அன்னிக்கே, பிள்ளை பென்சில் சீவற ரூமுக்குப் போய் நின்னேன்."

"இருக்கலாம். வெறும் தண்ணியை அடிச்சிருந்தாலும்கூட இருக்கலாம். அன்னிக்கு நீங்க அந்த ரூமுக்குப் போய் நின்னீங்களே, அது மருந்தா நீங்களான்னு நான் எப்படிச் சொல்ல?"

மருத்துவர் போனதும் அவள் கேட்டாள். "வாலு எங்க?"

ஓட்டுநர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பெரியம்மாகூடப் போயிட்டா. நீதான் போகட்டும்னு சொன்னியாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. உடம்பெல்லாம் கட்டியிருந்த அத்தனை தண்ணீரும் கண் வழியே வர வேண்டும் என்று காத்திருந்ததுபோல் வந்தது.

வீடு திரும்பிய பிறகு வாரக்கணக்கில் உலகம் வெளுத்துக் கிடந்தது. திரை போய்விட்டது. எல்லாவற்றுக்கும் ஓரம் வந்துவிட்டது. பொருள்கள் அதனதன் இடத்தில் கூர்மையாக இருந்தன. தண்ணீரை அளந்து குடித்தாள். பட்டன்காரி வந்து அழுதுவிட்டுப் போனாள்: "உங்களுக்கு நல்லது பண்றேன்னு நினைச்சேன்க்கா. நானும் தூக்கிப் போட்டுட்டேன். மாமியார்தான் இப்ப நிம்மதியா இருக்காங்க."

கழுத்து பழையபடி இறுகியது. ஆனால் வாலுவின் அறை வாசலில் போய் நிற்பது மட்டும் நிற்கவில்லை. உள்ளே பென்சில் சீவுவதற்கு யாருமில்லை. இருந்தும் தினமும் போய் நின்றாள். மூக்கில் எதுவும் இல்லாமலே போய் நிற்கிறோம் என்பதை ஒருநாள் கவனித்தாள். அன்றைக்கே கிளம்பினாள்.

பெரியம்மா வீடு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. கதவைத் திறந்தது வாலுதான். இருவரும் வாசற்படியிலேயே நின்றார்கள். ஊசிக்கண் பார்த்தாள். இமைக்காமல், மேலிருந்து கீழ்வரை, அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில்.

"வலது கண்ணு லேசா வீங்கியிருக்கு. நேத்து அழுதியா?"

வாலு கையால் கண்ணைத் தேய்த்தாள்.

"நகத்தைக் கடிக்க ஆரம்பிச்சிருக்கே. சுண்டுவிரல்ல தோல் உரிஞ்சிருக்கு. சட்டை உனக்கு இறுக்கமா இருக்கு, தோள்கிட்ட. வளர்ந்துட்டே." மூச்சு வாங்கினாள். "முடியை வெட்டிக்கிட்டு வந்து கேட்டியே. கண்றாவியா இருந்துச்சு."

வாலுவின் மூக்கால் குபுக்கென்று ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "தெரியும். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மட்டும் அழகா இருக்குன்னீங்க."

"அன்னிக்கு எனக்குக் கண்ணே தெரியல. நீ கேட்டதும் காதுல விழல. உன்னைப் போன்னு நான் சொல்லல."

"சொன்னீங்க."

"வாய் சொல்லிச்சு. நான் சொல்லல."

குழந்தை கதவின் தாழ்ப்பாளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். "நான் வரணுமா?"

"வரணும்."

"எதுக்கு?"

"தெரியல. நீ இல்லாம வீட்டுல என்னால எதையும் பார்க்க முடியல."

வாலு தாழ்ப்பாளை விட்டாள். "நான் சொல்ல மாட்டேன். பெரியம்மா அழுவாங்க. நீங்களே சொல்லுங்க."

பெரியம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும், நிமிரவில்லை. ஊசிக்கண் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நின்று பார்த்தே பழகியவள், உட்கார்ந்துகொண்டு ஒருவரைப் பார்த்தாள். இந்த முகத்தில் இன்னொரு முகத்தின் சாயல் இருந்தது. சுவரில் படமாக மட்டுமே அவள் பார்த்திருந்த, வாலுவின் அம்மாவின் சாயல்.

"அவளைக் கூட்டிட்டுப் போக வந்தேன் அக்கா."

"உனக்குப் பிள்ளையைக் கொஞ்சத் தெரியுமா?" பெரியம்மா மடிப்பதை நிறுத்தினார்.

"தெரியாது."

"அப்புறம்?"

"பார்த்துக்கத் தெரியும்."

பெரியம்மா கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வாலுவின் பாவாடை. மடியில் அதை வைத்துக்கொண்டு நெடுநேரம் நீவிக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வெயில் தரையில் மெதுவாக நகர்ந்து இருவர் காலையும் தொட்டது.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவளை இங்க அனுப்பணும்."

"அனுப்பறேன்."

"நீயும் வரணும். வந்து இங்க உக்காரணும், இதே மாதிரி."

"வரேன் அக்கா" என்றாள் ஊசிக்கண். உள்ளே வாலு அலமாரியைத் திறந்து தன் பையைத் தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.